கட்சிகளைக் காணாத சட்டம்

வாக்குரிமையைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் இரகசிய வாக்கெடுப்பின் அருமையைச் சொல்லாமல் விடுவதில்லை. திரைமறைவில் நின்று வாக்காளன் இடும் குறி எவர் கண்ணிலும் படலாகாது. பட்டால் அச்சமும் ஆசையும் அவன் கையைப் பிடித்து இழுக்கும். அது கருதியே மக்களாட்சி நாடுகள் அத்திரையைச் சட்டத்தால் காத்து நிற்கின்றன. மலேசியாவிலும் திரை இருக்கிறது. அதை விலக்கிப் பார்க்க எக்கட்சியும் துணிவதில்லை. துணியவேண்டிய தேவையும் இல்லை. திரைக்குப் பின்னால் நிற்பவன் யார், அவன் வயதென்ன, எவ்வினத்தான், எவ்வூரான், எந்தத் தொலைபேசி எண்ணுக்கு உரியவன், எதைக் கேட்டு மகிழ்வான், எதைக் கேட்டு வெகுள்வான் என்பவற்றையெல்லாம் வெளியிலிருந்தே தொகுத்து வைத்துக்கொண்டால், திரை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

இத்தகைய தொகுப்பைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறதே என்பார் சிலர். ஆம், இருக்கிறது. மலேசிய நாடாளுமன்றம் 2010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய விவரங்களை அவர் ஒப்புதலின்றிக் கையாளலாகாது. எதற்காகப் பெறப்படுகிறது என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். பெற்ற நோக்கத்திற்கு அப்பால் பயன்படுத்தலாகாது. தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்று ஏழு கோட்பாடுகளை அது வகுத்துள்ளது. அத்துடன் நில்லாமல், சில விவரங்களைத் தனியே பிரித்து, இவை மிகுந்த காப்புக்குரியவை என்றும் கூறுகிறது. அவை யாவை? ஒருவருடைய உடல்நலமும் மனநலமும், சமய நம்பிக்கை, அவர்மீதான குற்றச்சாட்டு, அரசியல் கருத்து. ஆம், அரசியல் கருத்தும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நோயாளியின் நோய்க்கு அளிக்கும் அதே மதிப்பை வாக்காளனின் அரசியல் கருத்துக்கும் அச்சட்டம் அளித்திருக்கிறது. பாராட்டத்தக்கதே.

ஆயின், அரசியல் கருத்தை அறியத் துடிப்பவர் இந்நாட்டில் யாவர்? சவர்க்காரம் விற்பவரா? கார் விற்பவரா? பல்மருத்துவரா? வாக்காளன் எக்கட்சிக்கு வாக்களிப்பான் என்பதை அறிந்து பயன்கொள்ளக்கூடியவர் கட்சியினரே. அவர்களைச் சட்டம் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை. வணிக நடவடிக்கை தொடர்பாகத் தரவைக் கையாள்வோருக்கே இச்சட்டம் பொருந்தும் என்று அதன் இரண்டாம் பிரிவு வரையறுத்துவிட்டது. பொருள் வழங்கல், சேவை வழங்கல், முகவாண்மை, முதலீடு, நிதி, வங்கி, காப்புறுதி ஆகியவையே வணிகம் என்பதன் விளக்கத்தில் வருகின்றன. வாக்குச் சேகரிப்பு அவ்விளக்கத்தில் இல்லை. வாக்கு வேட்டையில் வணிகம் கலவாது என்று நம்புமளவுக்குச் சட்டம் வரைந்தோர் குழந்தையுள்ளம் படைத்தோர் போலும்!

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடைவீடு ஒன்றின் மாடியில் முப்பது மாணவர்களுக்குக் கட்டணம் பெற்றுப் பாடம் நடத்தும் டியூஷன் ஆசிரியர் பெற்றோரின் தொலைபேசி எண்களைக் குறித்து வைத்திருந்தால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். வாடிக்கையாளர் பெயரை ஏட்டில் எழுதி வைக்கும் முடிதிருத்தும் கடைக்காரரும் கட்டுப்பட்டவர். இலட்சக்கணக்கான வாக்காளர்களின் பெயரையும் எண்ணையும் இனத்தையும் வயதையும் கணினியில் அடுக்கி, ஒவ்வொருவருக்கும் எதிரே 'நம்மவர்', 'எதிரி', 'ஊசலாடுபவர்' என்று குறியிட்டு வைத்திருக்கும் கட்சி கட்டுப்பட்டதன்று. சிறுமீனைப் பிடித்துச் சுறாவை விடும் வலை உலகில் எங்கேனும் உண்டோ? இங்கு உண்டு.

மூன்றாம் பிரிவு கூட்டரசையும் மாநில அரசுகளையும் சட்டத்திலிருந்து முற்றாக விலக்கி வைத்திருக்கிறது. அரசு வேறு, ஆளுங்கட்சி வேறு என்பது பாடநூலில் தெளிவாக இருக்கும் உண்மை. ஓர் அமைச்சர் காலையில் அமைச்சராகவும் மாலையில் கட்சித் தலைவராகவும் விளங்கும் நாட்டில், உதவித்தொகை பெற்றோர் பட்டியலுக்கும் கட்சிக் கிளையின் பட்டியலுக்கும் இடையில் நிற்கும் சுவர் எவ்வளவு பருமனானது என்பதைச் சட்டம் அளந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் விலக்கிவிட்ட சட்டத்தால் நடுவிலுள்ள சுவரை எங்ஙனம் காக்க இயலும்?

இக்குறையைத் திருத்த வாய்ப்பு வராமற் போகவில்லை. 2024ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. கோட்பாடுகளை மீறுவோருக்கான தண்டம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத்தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தன. தரவு கசிந்தால் அறிவிக்கவேண்டும் என்னும் கடமை வந்தது. கைரேகை போன்ற உடற்கூற்று அடையாளங்களும் மிகுந்த காப்புக்குரியவற்றுள் சேர்க்கப்பட்டன. எல்லாம் நன்று. வணிகம் என்னும் அந்த ஒரு சொல்லை மட்டும் எவரும் தொடவில்லை. 2010இல் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து தனிமனித உரிமைக்குக் குரல் கொடுத்த கட்சிகள் 2024இல் ஆட்சிப்பொறுப்பில் இருந்தன. கட்சி மாறியது, காட்சி மாறவில்லை. தன் வீட்டு வாயிலுக்குத் தானே பூட்டுப் போட்டுச் சாவியைப் பிறரிடம் கொடுக்கக் கட்சியினர் எளிதில் உடன்படமாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கட்சிகளின் கையில் என்னதான் இருக்கிறது என்று வினவலாம். முதற்பொருள் வாக்காளர் பட்டியல். தேர்தல் ஆணையம் ஆக்கும் அப்பட்டியலைக் கட்சிகள் கட்டணம் செலுத்திப் பெறுகின்றன. முன்பெல்லாம் வாக்காளராகப் பதிந்துகொள்வது குடிமகனின் விருப்பம். 2021 டிசம்பர் 15ஆம் நாள் முதல் 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனும் தானாகவே பட்டியலில் சேர்க்கப்படுகிறார். 2018 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022 நவம்பரில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டிற்று. இளைஞர்க்கு வாக்குரிமை கிடைத்தமை போற்றற்குரியது. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் ஆறாம் படிவத்தில் பயிலும் மாணவன் ஒருவன், தான் கேளாமலே, தன்னிடம் ஒரு சொல்லும் வினவப்படாமலே, எல்லாக் கட்சிகளின் கணினிக்குள்ளும் நுழைந்துவிட்டான் என்பதும் அதே மாற்றத்தின் மறுபக்கம். பட்டியலில் சேர்வதைக் கட்டாயமாக்கிய அரசு, பட்டியலைப் பெறுவோரின் கடமையையும் கட்டாயமாக்கியிருக்க வேண்டாமா?

பட்டியலில் உள்ள அடையாள அட்டை எண் வெறும் எண்ணன்று. அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளைச் சொல்கின்றன; அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையோ நாட்டையோ சொல்கின்றன; இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் ஒருவரை இன்னார் என்று காட்டுவதும் அதே எண். 2017 அக்டோபரில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி இணைப்புகளின் விவரம் கசிந்ததாக வெளிவந்த செய்தியைப் பலரும் மறந்திருப்பர். அவ்விவரங்களுள் அடையாள அட்டை எண்ணும் இருந்தது. ஒரு பக்கம் எண்ணும் பெயரும். மறுபக்கம் எண்ணும் தொலைபேசியும். இரண்டையும் பொருத்தக் கணினிக்குச் சில நொடிகள் போதும். எவரேனும் அவ்வாறு பொருத்தினர் என்று குற்றஞ்சாட்டுவது ஈண்டு நோக்கமன்று. தேர்தல் நாளில் பெயர் சொல்லி அழைத்து வரும் குறுஞ்செய்தி, தன் எண்ணை எங்கே கண்டெடுத்தது என்று வாக்காளன் கேட்டால், விடை சொல்லும் கடப்பாடு எவருக்கும் இல்லை என்பதே இங்குச் சொல்லவந்தது.

எண்ணைவிட மிகுதியாகப் பேசுவது பெயர். மலேசியத் தமிழரின் பெயர் 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் அடையாளத்தோடு அரசு ஏடுகளில் நிற்கிறது. பட்டியலைக் கையில் எடுத்தவுடனே இவர் தமிழர், இவர் மலாய்க்காரர், இவர் சீனர் என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம், கணினியும் தேவையில்லை. பெயரைக் கூர்ந்து நோக்கினால் இந்து, கிறித்தவர், இசுலாமியர் என்று சமயமும் பெரும்பாலும் புலப்படும். தொகுதிதோறும் இத்தனை விழுக்காட்டினர் இன்ன இனத்தார் என்னும் கணக்குத் தேர்தல்தோறும் நாளேடுகளில் அச்சாகிறது. பழகிப் போனமையால் அது தவறென்று எவருக்கும் தோன்றுவதில்லை.

தவறென்று தோன்றிய நாடும் உண்டு. பிரிட்டனில் ஆளுங்கட்சியாய் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஏறத்தாழ 1 கோடி வாக்காளர்களின் பெயர்களைக் கொண்டு அவர்கள் இன்ன இனத்தார், இன்ன சமயத்தார், இன்ன நாட்டில் பிறந்தவர் என்று ஊகித்துப் பதிந்து வைத்திருந்தமை, தகவல் ஆணையர் அலுவலகம் கட்சிகளைத் தணிக்கை செய்து 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின் வழி வெளிப்பட்டது. அது சட்டத்துக்குப் புறம்பான செயல் என்று ஆணையர் எலிசபெத் டென்ஹாம் 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார். ஆணையத்தின் பரிந்துரைப்படி அக்கட்சி அவ்விவரங்களை அழித்துவிட்டது. இலண்டனில் வாழும் தமிழர் ஒருவரின் பெயரைப் பார்த்து அவர் இனத்தை ஊகிப்பது அங்கே குற்றமாகிறது. கிள்ளானில் வாழும் தமிழர் பெயரைப் பார்த்து அதையே செய்வது இங்கே தேர்தல் உத்தி என்று பெயர் பெறுகிறது.

பிரிட்டனின் சட்டம் கட்சிகளின் வாயைக் கட்டிவிடவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். 2018ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற கட்சிகள் தம் அரசியற் பணிக்காக மக்களின் அரசியல் கருத்தைக் கையாள இடம் தருகிறது. ஆனால் எவர்க்கும் பெருந்தீங்கோ பெருந்துயரோ விளையுமாறு செய்யலாகாது. ஒருவர் எழுத்துமூலம் 'நிறுத்துக' என்றால் நிறுத்தியாக வேண்டும். விரும்பாதோர்க்கு 51 மின்னஞ்சல்களை அனுப்பியதற்காக அதே கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 2021இல் 10,000 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. ஐம்பத்தொரே மின்னஞ்சல்! அதனால் அந்நாட்டில் தேர்தல் நின்றுவிடவில்லை, கட்சிகள் கலைந்துவிடவில்லை. சட்டம் வந்தால் தொண்டர்கள் சுமை தாங்கமாட்டார்கள், கட்சிப்பணி முடங்கும் என்று அஞ்சுவோர்க்கு இதுவே மறுமொழி.

சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத்துறை அமைப்புகளை விலக்கி வைத்தபோதிலும், வணிகம் என்னும் வேலியைக் கட்சிகளுக்காகப் போடவில்லை; தேர்தல் நடவடிக்கைகளில் அச்சட்டம் எங்ஙனம் பொருந்தும் என்று தனி வழிகாட்டியே வெளியிடப்பட்டுள்ளது. எதிர்ப்புறத்தில் ஆஸ்திரேலியா. அங்குக் கட்சிகள் 2000ஆம் ஆண்டில் தமக்கென ஒரு விலக்கை எழுதிக்கொண்டன. அதை நீக்குக என்று அந்நாட்டுச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2008இல் பரிந்துரைத்தும் கட்சிகள் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே நோய் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. பிறர்க்கும் அந்நோய் உண்டு என்பது மருந்து உண்ணாமைக்குக் காரணமாகாது.

தோட்டப்புறத்தில் வளர்ந்த தலைமுறைக்கு ஒரு பழைய ஏடு நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியின் கையில் விரியும் செக்ரோல். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் கூலி என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த ஏட்டில் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்கத் தொழிலாளிக்கு வழியில்லை, படிப்பும் இல்லை. எழுதியவன் சொன்னதே கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்துவிட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றுவிட்டனர். ஆனால் தம் பெயருக்கு எதிரே கட்சிக் கணினியில் என்ன குறி இடப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்கும் உரிமையில் அவர்கள் பாட்டனாரைவிட ஓர் அடியும் முன்னேறவில்லை.

அப்பழைய ஏட்டைவிடப் புதிய ஏடு ஒரு வகையில் கொடியது. மலேசியத் தேர்தலில் 'சாலுரான்' எனப்படும் வாக்களிப்பு வரிசைகள் வயதை ஒட்டி அமைகின்றன. வாக்குகளும் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே எண்ணப்பட்டுப் படிவம் 14இல் எழுதப்படுகின்றன. முதியோர் வரிசை எப்படி வாக்களித்தது, இளையோர் வரிசை எப்படி வாக்களித்தது என்பது அன்றிரவே கட்சி முகவர்க்குத் தெரிந்துவிடும். எண்ணுவதில் களவு நேராமல் காக்க இம்முறை உதவுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழரே பெரும்பான்மையாய் உள்ள ஒரு சிறு வட்டாரத்தில், பெயர்ப் பட்டியலையும் வரிசைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாக்குச்சீட்டின் இரகசியத்தில் எஞ்சுவது மிகச் சிறிதே. சிறுபான்மையினர்க்குக் கூட்டத்தில் மறையும் வசதி இல்லை. பெரிய இனத்தான் ஒருவனுடைய வாக்கு ஆயிரத்தில் ஒன்று. சிறிய வட்டாரத்துத் தமிழனின் வாக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவற்றுள் ஒன்று.

'மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நல்லவனுக்கு எதற்கு மறைவு?' என்று வெள்ளையுள்ளத்தோடு கேட்போர் ஆசிரியர்களிடையேயும் உளர். இங்கு நிகழும் கேடு மறைந்திருப்பவனைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. கண்டுபிடித்தபின் அவன் செவியில் ஓதப்படுவது என்ன என்பதே பெரிது. மேடையில் நின்று பேசிய தலைவர், தமிழ்ப்பள்ளிக்கு நிலம் தருவேன் என்றால் அதை மலாய்க்காரரும் கேட்டனர், சீனரும் கேட்டனர், மறுநாள் நாளேட்டில் எதிர்க்கட்சியினரும் படித்தனர். தவறினால் பிடித்துக்கேட்க ஆயிரம் பேர் சாட்சி. இன்றோ தமிழ் வாக்காளரின் கைப்பேசிக்கு மட்டும் ஒரு வாக்குறுதியும், அடுத்த வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு அதற்கு நேர்மாறான அச்சுறுத்தலும் ஒரே கட்சியின் பெயரால் போய்ச் சேர வழி உண்டு. இருவரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குவர். ஒருவர் பெற்றதை மற்றவர் அறியார். கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் நிறுவனம், 2013இல் கெடா மாநிலத்தில் பாரிசான் நேசனலுக்காகக் குறிவைத்த பரப்புரை நடத்தியதாகத் தானே பெருமை பேசிக்கொண்டமை 2018இல் செய்தியாயிற்று. அன்றைய பிரதமர் அலுவலகம் அதை மறுத்தது. எது மெய் என்று ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் அதிகாரம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எவர்க்கேனும் இருந்திருந்தால், மக்கள் இரண்டு கூற்றுக்களுக்கிடையில் திகைத்து நிற்க நேர்ந்திராது.

கட்சிகள் மக்களோடு பேசவேண்டாமா எனின், பேசட்டும்; வீடுவீடாக வரட்டும்; கதவைத் தட்டட்டும். கதவைத் தட்டுபவனுக்கு வீட்டுக்காரன் முகம் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அத்தெரிவே உரிமை. அரசமைப்பின் ஐந்தாம் பிரிவு காக்கும் தனிமனித விடுதலையுள் தனியுரிமையும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே கூறியிருக்கிறது. நீதிமன்றம் கதவைத் திறந்து வைத்தும் நாடாளுமன்றம் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நிற்கிறது.

கட்சிகளை மட்டும் சாடிவிட்டுத் தமிழர் அமைப்புகள் கைகழுவிக்கொள்ளவும் இயலாது. கோயில் உறுப்பினர் ஏடு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலனக் குழு, நூல் வெளியீட்டு விழாவில் வந்தோர் கையெழுத்திட்ட தாள், கல்வி உதவிநிதி விண்ணப்பத்தோடு இணைத்த அடையாள அட்டை நகல் ஆகியவை எத்தனை பேர் கைக்கு மாறுகின்றன? சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, 'பெற்றோர் எண்களைக் கொடுங்கள், மானியச் செய்தி அனுப்புவோம்' என்றால், பள்ளிக்கு நன்மைதானே என்றெண்ணிக் கொடுத்துவிடும் நல்லுள்ளம் நம்மவரிடம் மிகுதி. அவ்வெண்கள் பிள்ளையின் வருகைப் பதிவுக்காகப் பெறப்பட்டவை. மானியத்துக்கு ஈடாகப் பெற்றோரைத் தாரைவார்க்கும் உரிமை தலைமையாசிரியருக்கும் இல்லை, சங்கத் தலைவருக்கும் இல்லை. கொடுக்கமாட்டோம் என்று ஒரு பள்ளி சொன்னால் மானியம் நிற்கும் என்ற அச்சம் எழுமாயின், அந்த அச்சமே சட்டம் ஏன் வேண்டும் என்பதற்குச் சான்று.

வேண்டப்படுவது மிகப் பெரிய புரட்சியன்று. சட்டத்தின் இரண்டாம் பிரிவில் 'வணிக நடவடிக்கை' என்பதையடுத்து 'அரசியற் கட்சிகளின் நடவடிக்கை' என்னும் தொடரைச் சேர்த்தல் முதற்பணி. கட்சிகளுக்கு வழங்கும் வாக்காளர் பட்டியலில் அடையாள அட்டை எண்ணை முழுமையாகக் காட்டாமல் சில இலக்கங்களை மறைத்தல் அடுத்தது. பெயரைக் கொண்டு இனமும் சமயமும் ஊகித்துத் தனியொருவர் பெயருக்கு எதிரே பதிவதைத் தடுத்தல் மற்றொன்று. மலேசியத் தமிழர்க்கு இம்மூன்றிலும் இதுவே உயிரானது. தமிழ் எழுத்தாளர், ஆசிரியர், மாணவர் அமைப்புகள் மொழிக்காகவும் பள்ளிக்காகவும் விண்ணப்பம் எழுதிப் பழகியவை. அவ்விண்ணப்பங்களில் இந்த மூன்று வரிகளுக்கும் இடமுண்டு.

இன்றைய நிலையில் குடிமகன் ஒருவர் தம் வங்கிக்கு மடல் எழுதி, தம்மைப் பற்றி அது வைத்திருக்கும் விவரங்களைக் கேட்டால், 21 நாட்களுக்குள் வங்கி அதற்கு இணங்கியாக வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுச் சட்டம். அதே மடலின் படியொன்றை ஏதேனும் ஒரு கட்சியின் தலைமையகத்துக்கு அவர் அனுப்பினால், அதைப் பிரித்துப் படிக்கவேண்டிய கடமைகூட அங்கு எவருக்கும் இல்லை.